பத்தாவது மாடிக்குத் தேனீ வராது

சம்பந்தி,

இன்று காலை இந்த அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகார் வந்திருக்கிறது. பத்தாவது மாடியிலிருந்து செத்த எலி நாற்றம் வருகிறதாம், உடனே கவனிக்கவும் என்று ஒன்பதாவது மாடி அம்மாள் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ஆளாளுக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளும் பொம்மைகளைப் போட்டிருக்கிறார்கள். எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி நான் செடிக்காக ஊறப்போட்ட கடலைப் புண்ணாக்கு. வாளியின் மூடி காற்றில் பறந்துவிட்டிருக்கிறது. மன்னிக்கவும் என்று ஒரு வரி தட்டிவிட்டு, மூடியைத் தேடி எடுத்துப் போட்டு மேலே ஒரு கல்லை வைத்தேன். குனிந்தபோது அந்த நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. கூடவே நீங்கள் வந்து நின்றீர்கள். இறந்துபோனவர்களை மற்றவர்கள் சந்தன வாசத்திலும் மல்லிகை வாசத்திலும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கொடுத்துவைத்தது புண்ணாக்கு.

பெண்ணைப் பெற்றவனும் பையனைப் பெற்றவரும் கல்யாணத்தன்று மாலை மாற்றிக்கொள்வோம். பந்தியில் பக்கத்தில் நின்று, “சம்பந்திக்கு இன்னொரு ஜாங்கிரி வைப்பா” என்று உபசரித்துக்கொள்வோம். அப்புறம் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு ஃபோன். நமக்கும் அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டியதுதான். நீங்கள் பெங்களூர் மர்பி டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கிறவர், வாயைத் திறந்தால் தமிழும் கன்னடமும் கைகோத்துக்கொண்டு வரும். நான் ஆம்பூரில் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு எதுவும் நேரத்துக்கு நடக்க வேண்டும், எழுதின இடத்தில் இருக்க வேண்டும். கல்யாணப் பேச்சின்போது நீங்கள் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து வந்ததை நான் வெகுநாள் மறக்கவில்லை.

என் மனைவி போன பிறகு ஆம்பூர் வீட்டில் தனியாக இருந்தேன். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. மகள் வந்து ஒரு பெட்டியில் துணிமணியை அடுக்கி, காரில் உட்காரவைத்து, இங்கே பெங்களூர் ஓரத்தில் ஹெப்பகோடிக்குக் கூட்டிவந்துவிட்டாள். “கொஞ்ச நாள்பா, கால் சரியாகிற வரைக்கும்” என்றாள். கால் சரியாயிற்று. ஆனால், “தனியா விடமாட்டேன்” என்று அவள் பிடிவாதம் பிடித்தாள்.

உங்களுக்குத் தெரியும், நம் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அப்பன்காரன் போய் உட்கார்ந்துகொள்வது எவ்வளவு கூச்சமான காரியம் என்று. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை ஒரு சொல் சொன்னதில்லை. உங்கள் பிள்ளை தங்கமான பிள்ளை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. காலையில் எழுந்தவுடன் குளித்து, வேட்டி சட்டையோடு, ஏதோ பஸ்ஸுக்குக் கிளம்பினவன் போல ஹால் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு ஃபேன் போடமாட்டேன். ஃப்ரிட்ஜை என் கையால் திறந்ததில்லை. தாகம் எடுத்தால் குழாயில் பிடித்துக் குடிப்பேன். எனக்கென்று கொடுத்த அறையில் அந்தப் பெட்டி கதவோரம் நின்றபடியே நின்றது. அதிலிருந்து உடுத்துவேன், துவைத்துக் காயவைத்து அதிலேயே மடித்து வைப்பேன். ஊரிலிருந்து தம்பி பேசினால், “மாப்பிள்ளை வீட்டுல இருக்கேன்டா, சீக்கிரம் வந்துடுவேன்” என்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் நீங்கள் கையில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியோடு வந்தீர்கள். மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். சட்டையெல்லாம் மண். உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், என் முன்னால் அதை வைத்தீர்கள்.

“சம்பந்தி, ஒரு உபகாரம். எங்க மாடியில வெய்யிலே வர்றதில்ல. பக்கத்து வூட்டுக்காரன் மூணு மாடி கட்டி மறைச்சிட்டான். இது வாடிப்போவுது. சொல்ப நாளைக்கு இங்க இருக்கட்டும், நீங்க பாத்துக்குங்க.”

“எனக்குச் செடி கிடி எல்லாம் தெரியாதுங்களே. பொண்ணுகிட்ட சொல்லுங்க” என்றேன்.

“அவங்க ரெண்டு பேரும் லேப்டாப்ப விட்டு நிமிந்தே பாக்கறதில்ல. நான் உங்களத்தான் கேக்கறேன்.”

பையனின் அப்பா வாய்விட்டுக் கேட்டால் பெண்ணின் அப்பா முடியாது என்று சொல்ல முடியுமா? எந்த முறை என்னை அந்த வீட்டில் ஓரமாக உட்காரவைத்ததோ, அதே முறையைச் சொல்லி என்னை எழுப்பிவிட்டீர்கள். அன்று எனக்கு அது விளங்கவில்லை. கல்யாணப் பேச்சுக்கு லேட்டாக வந்த மனுஷன் இப்போது வேலையும் வைக்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு துளசி. அதற்கடுத்து ஒரு பழைய பெயின்ட் வாளியில் முருங்கைக் குச்சி. பத்தாவது மாடிக் காற்றில் முருங்கை நிற்குமா என்று கேட்டேன். “நிக்கும், நிக்கும்” என்றீர்கள். முதல் மழைக்காற்றிலேயே படுத்துவிட்டது. உங்களுக்குச் செடிமேல் ஆசை இருந்த அளவுக்கு விவரம் இல்லை என்பதை நான் சீக்கிரமே கண்டுகொண்டேன். கத்தரி நாற்று என்று ஒரு தொட்டி கொண்டுவந்தீர்கள். நானும் கம்பு நட்டு, எரு வைத்து, தினமும் இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி பார்த்து வளர்த்தேன். தோளுயரம் வளர்ந்து, கொத்துக் கொத்தாகக் காய்த்தது சுண்டைக்காய். நான் ஃபோன் போட்டு, “சம்பந்தி, உங்க கத்தரிக்காய் கோலிக்குண்டு சைஸ்ல நிக்குது” என்றேன். நீங்கள் கொஞ்சமும் அசராமல், “வத்தக்குழம்புக்கு ஆச்சு, பர்வாயில்ல” என்றீர்கள். மனைவி போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். மகள் அறையிலிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

செடி என்பது சும்மா இருக்கவிடாத ஜென்மம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தது. உங்களைக் கேட்டால் புளித்த மோரைத் தெளியுங்கள் என்றீர்கள். மோருக்கு எங்கே போவது? ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றுவிட்டு, திறந்தேன். மோருக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் எனக்காக எடுத்துவைத்த பாயசம் இருந்தது. முந்தின நாள் “வேண்டாம்மா” என்று நான் மறுத்த பாயசம். செடிக்கு மோரைத் தெளித்துவிட்டு வந்து அதை எடுத்துச் சாப்பிட்டேன். அப்புறம் குடிநீர் இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரைப் பிடிக்க வாளி வேண்டியிருந்தது. அரிசி கழுவின தண்ணீரைக் கொட்டாதே என்று மகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் மறந்து கொட்டிவிட்டால் கோபித்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. அந்த வீட்டில் நான் முதன்முதலாகக் குரலை உயர்த்தியது அரிசித் தண்ணீருக்காக. அவள் திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகச் சிரித்தாள்.

பூசணி வந்த கதையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நான்கைந்து விதையைப் பெரிய தொட்டியில் ஊன்றிவிட்டுப் போனீர்கள். கொடி கம்பி வேலியில் ஏறி, பக்கத்து ஃப்ளாட்டுக்கே போகப் பார்த்தது. இழுத்துக் கட்ட வேண்டும், சணல் கயிறு போட்டால் தண்டை அறுக்கும், பழைய வேட்டி இருந்தால் கிழித்துக் கட்டலாம் என்றீர்கள். நான் உள்ளே போய்ப் பெட்டியைக் குடைந்தேன். பழைய வேட்டி அடியில் இருந்தது. மேலே இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டேன். நீங்கள் வாசற்படியில் நின்றுகொண்டு பார்த்தீர்கள். “அலமாரி காலியாத்தான கெடக்கு, எடுத்தத அதுலயே வெச்சிருங்களேன். திரும்பி யாரு மடிக்கறது” என்றீர்கள், ஏதோ வேலை மிச்சம் என்பதுபோல. நானும் வைத்துவிட்டேன். அந்தப் பெட்டியில் இப்போது விதைப் பொட்டலமும் கத்தரிக்கோலும் தேங்காய் நாரும் கிடக்கின்றன.

கொடி பூத்தது. பிஞ்சுகள் எலுமிச்சை அளவுக்கு வந்து, மஞ்சளாகி, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எனக்கு மனசே ஆறவில்லை. எங்கே தப்பு, தண்ணீரா, எருவா என்று உங்களை வாரத்தின் நடுவிலேயே ஃபோனில் குடைந்தேன். சனிக்கிழமை மாலை நீங்கள் வந்து ராத் தங்கினீர்கள். விடிந்ததும் என்னைத் தட்டியெழுப்பி பால்கனிக்குக் கூட்டிப்போனீர்கள். பூக்களெல்லாம் விரிந்திருந்தன.

“பத்தாவது மாடிக்குத் தேனீ லிஃப்ட்ல ஏறி வருமா சம்பந்தி? நாமதான் தேனீ வேலைய பாக்கணும்” என்று ஒரு ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, நடுத்தண்டை என் கையில் கொடுத்தீர்கள். அடியில் குட்டிக் காய் வைத்திருந்த பெண் பூவைக் காட்டி, அதில் மெல்லத் தடவச் சொன்னீர்கள்.

“பாத்தீங்களா? இங்க மாப்பிள்ளதான் பொண்ணு வூட்டுக்கு வர்றாரு. பொண்ணு எடத்த வுட்டு நகர்றதில்ல. அல்வா, சரிதான? பூவுக்கு இல்லாத மொற நமக்கு மட்டும் எதுக்கு? யாரு யாரு வூட்ல இருந்தா என்ன?”

பூவைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். என் கூச்சம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சில் ஏதோ இளகினதுபோலவும் இருந்தது. அந்தப் பிஞ்சு நின்றது. அந்தக் காயை நான்கு பக்கத்து வீடுகளுக்கும் கீற்றுப் போட்டுக் கொடுத்தோம். எதிர் ஃப்ளாட்டு கன்னடக்கார அம்மா அதில் செய்த ஹுளியை, அவர்கள் ஊர் சாம்பாரை, ஒரு டப்பாவில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். மகளைக் கேட்கவில்லை, “தாத்தா இருக்காரா” என்றுதான் கேட்டார்.

அதற்குப் பிறகும் நான் இரண்டொரு தடவை ஊருக்குக் கிளம்பப் பார்த்தேன். நீங்கள் தடுத்ததே இல்லை. “போய்ட்டு வாங்க. அவரை பூ வெச்சிருக்கு, அது காய்ச்சதும் போங்க” என்பீர்கள். அவரை ஓய்வதற்குள் தக்காளி பூத்துவிடும். பால்கனியின் எந்த மூலைக்கு எப்போது வெயில் வருகிறது என்பது டிப்போ பஸ் நேரம்போல எனக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது. அதற்கேற்பத் தொட்டிகளை நகர்த்தவேண்டும். நாலு நாள் நான் இல்லாவிட்டால் எல்லாம் காய்ந்துவிடும் என்ற கவலை வந்த பிறகு, கிளம்புகிற பேச்சே எடுபடவில்லை.

போன மார்கழியில் ஒரு காலை உங்கள் பிள்ளைக்கு ஃபோன் வந்தது. காபி கேட்டுவிட்டு உட்கார்ந்தீர்களாம், காபி வருவதற்குள் போய்விட்டீர்களாம். மாப்பிள்ளை ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான்தான் அவருக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

காரியம் முடிகிற வரைக்கும் மர்பி டவுனில் இருந்தோம். கூட்டம் குறையக் குறைய எனக்கு வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டம்மா இனி தனி. அவர்கள் போய் இருக்க வேண்டிய இடம் பிள்ளை வீடுதான். அது இரண்டு படுக்கையறை ஃப்ளாட். ஒன்றில் நான் இருக்கிறேன். பையனைப் பெற்றவள் வெளியே, பெண்ணைப் பெற்றவன் உள்ளே என்றால் அது எந்த ஊர் நியாயம்? ஆம்பூர் வீட்டைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லித் தம்பியிடம் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு எனக்கு அழுகை வந்தது. பெண்ணை விட்டுப் போகிறோமே என்றா, செடிகளை விட்டா, உங்களை நினைத்தா என்று எனக்கே தெரியவில்லை.

கடைசி நாள் மதியம் சம்பந்தியம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேசிவிடலாம் என்று ஏறிப்போனேன். அத்தனை வருஷத்தில் உங்கள் வீட்டு மாடியை நான் பார்த்ததில்லை. கதவைத் தாண்டியதும் வெயிலில் கண் கூசியது. பக்கத்து வீடு ஒற்றைத் தளம், மேலே தகரம். எதிரே தெரு. மூன்று மாடி என்று ஒன்று அந்தத் தெருவிலேயே இல்லை. தரை முழுக்க வெயில். அதில் சுவர் ஓரமாக வரிசையாக வட்ட வட்டமான கறைகள். தொட்டி இருந்து எடுத்த இடங்கள். தூக்க முடியாத இரண்டு சிமென்ட் தொட்டிகள் மட்டும் மிச்சம் இருந்தன.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான் சம்பந்தி. உங்களை உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்க ஆள் இல்லை.

“வாரா வாரம் ஒண்ணு தூக்கிட்டுப் போவாரு” என்றார்கள் சம்பந்தியம்மா, துணியை மடித்துக்கொண்டே. “இங்க நல்லாத்தான இருக்கு, ஏன் சுமக்கறீங்கன்னு கேட்டேன். ‘அங்க ஒரு மனுஷன் பொட்டியக்கூட காலி பண்ணாம ஒக்காந்திருக்காரு. தனக்குன்னு ஒரு வேல இருந்தாத்தான் அவருக்கு அங்க கால் பாவும்’னாரு. அப்புறம் இந்த மாடியே காலியாப் போச்சு.”

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். நீங்கள் பிள்ளையிடம் வந்துவிடுங்கள், நான் ஊருக்குப் போகிறேன், அறை உங்களுக்கு. அவர்கள் கையிலிருந்த துணியைக் கொடியிலேயே திரும்பப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“நீங்க போயிட்டா அவரு சுமந்ததெல்லாம் எதுக்கு? நான் இங்கதான் இருப்பேன், என் சனம் இங்கதான் இருக்கு. வரணும்னு தோணுனா வருவேன். அப்ப நீங்க அங்க இருக்கணும். இல்லன்னா அந்தச் செடிங்கள எவன் கேப்பான்?”

தம்பிக்கு ஃபோன் போட்டு, வீட்டைத் திறக்க வேண்டாம் என்றேன்.

இங்கே திரும்பிவந்த பிறகு உங்கள் பிள்ளை பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு ஞாயிறு காலை பால்கனிக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். “எதெல்லாம் அப்பா கொண்டுவந்தது மாமா?” என்று கேட்டார். ஒவ்வொன்றாகக் காட்டினேன். சுண்டைக்காய் கதையைச் சொன்னபோது சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். நான் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை தோளில் மாமனார் கை போடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அன்றைக்கு அதை நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மண் மாற்றுவது அவர்தான். உங்களைப் போலவே சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், உங்களைப் போலவே தண்ணீரைக் கொட்டித் தரையை நாசம் செய்வார். நான் திட்டுகிறேன், அவர் கேட்டுக்கொள்கிறார்.

நானும் மாறித்தான் போயிருக்கிறேன். எழுந்தவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவதில்லை, பனியனோடு நேராகச் செடிகளிடம் போகிறேன். ஒரு இலை சுருண்டிருந்தால் அன்றைய பொழுதுக்கு ஒரு யோசனை கிடைத்துவிடுகிறது. நட்டது எல்லாம் பிழைக்காது என்பதையும், அதற்காக நடாமல் இருக்க முடியாது என்பதையும் இந்த வயதில் கற்றுக்கொண்டேன். துக்கம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதை வைத்துக்கொண்டே தண்ணீர் ஊற்ற முடிகிறது.

நேற்று ராச்சாப்பாட்டின்போது மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடி, தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டார். மர்பி டவுன் வீட்டில் மழை ஒழுகுகிறதாம். மழை முடிகிற வரைக்கும் இங்கே வந்திருக்க அம்மா சம்மதித்திருக்கிறார்களாம்.

“ஆனா இடம்தான் மாமா, என்ன பண்றதுன்னு தெரியல. உங்களுக்குச் சிரமமா இருக்கும். உங்களக் கேட்டுட்டு அம்மாகிட்ட சொல்லலாம்னு…”

“இதுல என்னைக் கேக்க என்ன இருக்கு மாப்பிள்ளை? அம்மா என் ரூமை எடுத்துக்கட்டும். நான் ஹால்ல பால்கனி பக்கமா கட்டிலைப் போட்டுக்கறேன். நாளைக்கே போய்க் கூட்டிட்டு வாங்க. நம்ம வீட்டுல இடமா இல்ல?”

அவர் எழுந்து கை கழுவிவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போடப் போனார். மகள் கையில் குழம்புக் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னம்மா என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். படுத்த பிறகுதான், இதை யார் வீடு என்று சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. நீங்கள் இருந்திருந்தால் சொன்ன உடனே கவனித்திருப்பீர்கள் சம்பந்தி.